கேம்போட கடைசி ராத்திரியை நாங்க ஏன் சின்னதாக்கிட்டோம்

கிறிஸ்தவ வாலிபர் கேம்ப் நடத்துறவங்ககிட்ட பேசிப் பாருங்க, எல்லாரும் கடைசி ராத்திரியைப் பத்திதான் பேசுவாங்க. முதல் நாள் பசங்க முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தது, ரெண்டாவது நாள் விளையாட்டுல எவனோ காலை சுளுக்கிக்கிட்டது எல்லாம் ஒரு வரியில முடிஞ்சுரும், அப்புறம் "ஆனா அந்த லாஸ்ட் நைட் இருக்கே பிரதர்..."னு ஆரம்பிச்சா அரைமணி நேரம் ஓடும். ஆண்டவரை ஏத்துக்கிறேன்னு எத்தனை பேர் கை தூக்குனாங்க, எத்தனை பேர் முன்னாடி வந்து முழங்கால் போட்டாங்க, யார் யார் தேம்பித் தேம்பி அழுதாங்க. ரிப்போர்ட்லயும் அதான் மேல வரும், அடுத்த வருஷத்துக்கு காணிக்கை கேக்குற லெட்டர்லயும் அதான் வரும். நானும் இந்த கேம்ப் வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன். அந்த ராத்திரியில ஆண்டவர் கிரியை செய்யறதே இல்லன்னு சொல்ல வரல, செய்யறார், பாத்திருக்கேன். ஆனா கேம்ப் எனக்கு கத்துக்குடுத்ததுன்னு எதையாவது சொல்லணும்னா அதுல முக்கால்வாசி அந்த ராத்திரிக்கு வெளியிலதான் நடந்துச்சு. அந்த ராத்திரியை ஒரு சின்ன சந்தேகத்தோட பாக்கணும்ங்கிறதும் அதுல சேத்திதான்.

அந்த ராத்திரி எப்படி உருவாகுதுன்னு கொஞ்சம் யோசிங்க. பதிமூணுலேர்ந்து பதினெட்டு வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு ஒரு நாளைக்கு 8லேர்ந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும்னு தூக்க மருத்துவர்கள் சொல்றாங்க, போதாததுக்கு அந்த வயசுல உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரமே லேட்டாத்தான் ஓடும், ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது, காலையில சீக்கிரம் முழிப்பு தட்டாது. நாம என்ன பண்றோம்? லைட்ஸ் ஆஃப் பதினோரு மணின்னு போடுறோம், அவங்க ரூம்ல குசுகுசுன்னு பேசி ஒரு மணி ஆக்குறாங்க, காலையில அஞ்சரைக்கு பெல் அடிச்சு, தனியா வேதம் வாசிச்சு ஜெபிக்கிற அமைதி வேளைக்கு உக்கார வைக்கிறோம். இப்படியே நாள் ஓடும். தூக்கம் கெட்டா மனசை அடக்கி வைக்கிற சக்தி குறையும், அது முழுக்க உடம்பு சம்பந்தப்பட்டது. அந்த நிலையில இருக்கிற பிள்ளைங்களை ஒரு ஹால்ல உக்கார வச்சு, லைட்டைக் குறைச்சு, கீபோர்டுல ஒரே கார்டை இழுத்துப் பிடிச்சு, ஒரு கோரஸோட கடைசி வரியை விடாம திரும்பத் திரும்பப் பாட வச்சு, பக்கத்துல இருக்கிற ஃபிரெண்டு விம்மவும் ஆரம்பிச்சுட்டான்னா, நான் லேவியராகமத்துலேர்ந்து குஷ்டரோகச் சட்டத்தை வாசிச்சாலும் நாலு பேர் அழத்தான் செய்வாங்க.

இதைச் சொன்னா சில பேருக்கு கோவம் வரும், "பரிசுத்த ஆவியானவரோட கிரியையை இப்படி லைட்டும் மியூசிக்கும்னு பிரிச்சுப் பேசலாமா"ன்னு. பிரிச்சுத்தான் பேசணும். ஏன்னா அந்த சுவிட்ச் எல்லாம் நம்ம கையில இருக்கு. ஒரு பிள்ளையோட கண்ணீரை எப்படி வரவழைக்கலாம்னு நமக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. தெரிஞ்சவங்க மேலதான் பொறுப்பு.

நம்ம காலத்துல புதுசா வந்த பிரச்சனையும் இல்ல இது. 1801 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல கென்டக்கியில கேன் ரிட்ஜ்ங்கிற இடத்துல ஆயிரக்கணக்கான ஜனங்க வண்டி கட்டிக்கிட்டு வந்து கூடாரம் போட்டு நாள்கணக்கா தங்குனாங்க, பிரசங்கம் கேட்டு தரையில விழுந்தாங்க, கதறுனாங்க, நடுங்குனாங்க. ஊரை விட்டு வந்து வெளியில தங்கி ஆண்டவரைத் தேடுற கேம்ப் கூட்டம் அங்க பரவலாக அந்த மாதிரி கூட்டங்கதான் காரணம். அப்புறம் 1830-31ல அதே அமெரிக்காவுல ராச்செஸ்டர்ல சார்லஸ் ஃபின்னிங்கிற பிரசங்கியார் நடத்துன கூட்டங்கள்ல, மனசுல பாரம் இருக்கிறவங்க முன்னாடி வந்து உக்கார தனியா ஒரு பெஞ்சையே ஒதுக்குனார், இன்னைக்கு நாம "தைரியமா எழுந்து முன்னாடி வாங்க"ன்னு கூப்பிடுறோமே, அதுக்கு அந்த பெஞ்சுதான் பாட்டன். ஆதி சபையில இந்த ஆல்டர் கால், அதாவது முன்னாடி வரச் சொல்லிக் கூப்பிடுறது, கிடையாது. அதனாலயே அது தப்புன்னு ஆயிராது, மைக்கும்தான் கிடையாது. ஆனா அது வேதத்துல இருக்கிற ஒரு நியமம் மாதிரி நாம நடந்துக்கிறோம் பாருங்க, அதுதான் எனக்கு இடிக்குது.

இதுக்கெல்லாம் முன்னாடியே, 1746ல, ஜோனத்தன் எட்வர்ட்ஸ்ங்கிற அமெரிக்கப் போதகர் இதைப் பத்தி ஒரு பெரிய புத்தகமே எழுதியாச்சு. அவர் ஒண்ணும் எழுப்புதலுக்கு, அதாவது ஜனங்க கூட்டமா ஆண்டவர் பக்கம் திரும்புறதுக்கு, எதிரி கிடையாது, அவரோட சபையிலயே பெரிய எழுப்புதல் நடந்துச்சு. உணர்ச்சி பொங்குறது, உடம்பு நடுங்குறது, ஆவிக்குரிய விஷயத்தை சரளமா பேசுறது, இதெல்லாம் தேவனால வந்ததுங்கிறதுக்கும் அத்தாட்சி இல்ல, வரலங்கிறதுக்கும் அத்தாட்சி இல்லன்னு சொல்லிட்டு, கடைசியில நடக்கையைப் பாருன்னு முடிக்கிறார். ரெண்டு பக்கமும் அடி விழுது பாருங்க. அழுதவனை "மாறிட்டான்"னு எழுதவும் முடியாது, "சும்மா உணர்ச்சிவசப்பட்டுட்டான்"னு தள்ளவும் முடியாது. கேம்ப் லீடருக்கு இதை விட நல்ல கடிவாளம் நான் பாக்கல.

சரி, தூக்கத்துக்கு வரேன், ஏன்னா கேம்ப் எனக்கு கத்துக்குடுத்த முதல் ஆவிக்குரிய பாடமே தூக்கம்தான், சிரிக்காதீங்க. 1 இராஜாக்கள் 19ல தீர்க்கதரிசி எலியா சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே"ன்னு சாகக் கேக்குறான். கர்மேல் மலையில அக்கினி இறங்குனதைக் கண்ணால பாத்தவன், அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் இந்த நிலைமை. ஆண்டவர் அவனுக்கு ஒரு பிரசங்கம் அனுப்பியிருக்கலாம். ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பி "எழுந்திருந்து போஜனம்பண்ணு"ன்னு சொல்றான், சாப்பிட்டுட்டு திரும்பப் படுத்துக்கிறான், திட்டே இல்ல, திரும்ப எழுப்பி திரும்ப சாப்பாடு, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்". அதுக்கப்புறம் நாப்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் ஆண்டவரோட அந்த அமர்ந்த மெல்லிய சத்தம். நாம இந்தப் பகுதியை கேம்ப்ல பிரசங்கம் பண்ணும்போது நேரா அந்த மெல்லிய சத்தத்துக்கு ஓடிருவோம், தூக்கத்தையும் சாப்பாட்டையும் ஏதோ முன்னுரை மாதிரி தாண்டிருவோம். எனக்கென்னவோ அந்த வரிசையே ஒரு உபதேசம்னு படுது. நல்லா தூங்கி நேரத்துக்கு சாப்பிட்ட பிள்ளை காலையில பத்து மணிக்கு எடுக்கிற தீர்மானத்துல கண்ணீர் கம்மியாத்தான் இருக்கும், ஆனா அது அந்தப் பிள்ளையோட தீர்மானமா இருக்கும்.

(பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசி ஐத்திகு ஜன்னல்லேர்ந்து தூங்கி விழுந்த கதையை எங்க லீடர்ஸ் ட்ரெயினிங்ல கட்டாயம் வாசிப்போம். அப்போஸ்தலனுக்கே ஒருத்தன் தூங்கி விழுந்தான், நீங்க நாப்பது நிமிஷத்துல முடிங்க தயவுசெஞ்சு. விழுந்து செத்தவனை உயிரோட எழுப்புற வரமும் நம்மகிட்ட இல்ல.)

கேம்ப்ல சமையல் டீமுக்கு எப்பவும் கடைசி நாள்ல ஒரு கைதட்டு குடுத்து அனுப்பிருவாங்க. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில கரிநெருப்பு போட்டு மீன் வச்சுட்டு "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்"னு கூப்பிட்ட பிறகுதான் பேதுருகிட்ட "என்னை நேசிக்கிறாயா"ன்னு கேக்குறார், வயித்தைக் காயப்போட்டுட்டு கேக்கல. அதனால எங்க சமையல் டீம் இப்போ கூட்டத்துக்குப் பின்னாடி நிக்கிற ஆளுங்க இல்ல, காலை ஜெபத்தை அவங்கதான் நடத்துறாங்க.

இப்போ ஏலியைப் பத்தி. கேம்ப் லீடரா வர்றவங்க தாவீதா இருக்கணும், பவுலா இருக்கணும், குறைஞ்சது தீமோத்தேயுவாவாவது இருக்கணும்னு ஆசைப்படுவாங்க, ஏலியா இருக்கணும்னு, அதாவது அந்த கண்ணு மங்கிப்போன ஆசாரியன் ஏலி மாதிரி இருக்கணும்னு, எவரும் ஆசைப்பட்டு நான் கேள்விப்படல. சரியாத்தான் இருக்கு, பெத்த பிள்ளைங்களையே அடக்க முடியாத மனுஷன், வேதமே அவரை மெச்சல. ஆனா 1 சாமுவேல் 3ல அவர் செஞ்ச ஒரு வேலை இருக்கு, அதைத்தான் நான் கேம்ப்ல வருஷா வருஷம் கத்துக்க முயற்சி பண்றேன். ராத்திரி சாமுவேல்ங்கிற ஒரு சின்னப் பையன் ஓடி வந்து "என்னைக் கூப்பிட்டீரே"ன்னு நிக்கிறான். யோசிச்சுப் பாருங்க, அந்த இடத்துல "ஆமாப்பா, நான்தான் கூப்பிட்டேன், உக்காரு"ன்னு சொல்றது எவ்வளவு சுலபம். ஒரு பையன் ஆர்வத்தோட நம்ம காலடியில வந்து நிக்கிறான், நாம பேசுனா கேப்பான். ஏலி "நான் கூப்பிடவில்லை, திரும்பிப்போய்ப் படுத்துக்கொள்"னு அனுப்புறார். மூணாவது தடவை வரும்போதுதான் இது கர்த்தர்னு அவருக்கே புரியுது, அப்பவும் கூடப் போய் பக்கத்துல உக்காந்துக்கல. "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்"னு ஒரே ஒரு வாக்கியம் கத்துக்குடுத்து திரும்ப தனியா அனுப்பிட்டார்.

நம்மளால இது முடியுறதில்ல. கேம்ப்ல ஒரு பையன் ஆண்டவர்கிட்ட பேசணும்னு கண்ணை மூடுனா தோள்ல ஒரு கை வந்து விழுந்துரும், காதுக்குள்ள ஒரு அண்ணா ஜெபம் பண்ண ஆரம்பிச்சுருவார். ஒரு தடவை ஒரு பையன் எங்கிட்ட சர்வ சாதாரணமா சொன்னான், "அண்ணா, நான் தனியா ஜெபம் பண்ணாலும் உங்க குரல்தான் மண்டைக்குள்ள கேக்குது". அவன் பாராட்டா சொன்னான். எனக்கு ராத்திரி தூக்கம் வரல. மைக், பாட்டு, ஸ்கிட், மெசேஜ், குரூப் டிஸ்கஷன், அறிவிப்பு, விசில், நாள் முழுக்க நம்ம குரலாலேயே ரொப்பி வச்சுட்டு, அப்புறம் "ஆண்டவர் உன்கிட்ட என்ன பேசினார்?"னு கேட்டா அவன் பாவம் நம்ம பேசுனதைத்தானே திருப்பிச் சொல்லுவான்.

அதுலயும் இந்த ஊழிய அழைப்பு விஷயம் இருக்கே. "அக்கா, தேவன் என்னை முழுநேர ஊழியத்துக்குக் கூப்பிடுறாரா?"ன்னு ஒரு பதினாறு வயசுப் பொண்ணு கேட்டா பதில் சொல்ல நமக்கு எவ்வளவு ஆசையா இருக்கும். ஆமான்னு சொன்னா கேம்ப்புக்கு ஒரு பெரிய சாட்சி. ஏலியோட வேலை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றது இல்ல, அந்தப் பொண்ணு தானே போய் கேக்குற மாதிரி திருப்பி அனுப்புறது. இன்னொண்ணும் இருக்கு, அதை யாரும் மெசேஜ்ல சொல்றதில்ல. சாமுவேல் அந்த ராத்திரி கேட்ட செய்தி ஏலியோட வீட்டுக்கு எதிரான செய்தி. காலையில பையன் சொல்ல பயப்படுறான், ஏலி மறைக்காம சொல்லுன்னு கட்டாயப்படுத்திக் கேட்டுட்டு "அவர் கர்த்தர், அவர் தமது பார்வைக்கு நலமானதைச் செய்வாராக"ன்னு ஒத்துக்கிறார். நாம பிள்ளைங்களை ஆண்டவரோட சத்தத்தைக் கேக்கப் பழக்குனா, அவங்க ஒரு நாள் வந்து நம்ம சபையைப் பத்தி, நம்ம பாரபட்சத்தைப் பத்தி, நாம வாயடைச்சு நிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுவாங்க. அதுக்குத் தயாரா இல்லாத லீடர் கேம்ப் நடத்தாம இருக்கலாம்.

இதோட ஒட்டி ஒரு கசப்பான விஷயமும் சொல்லணும், வேண்டாம்னு தோணுனாலும். ஒரு பிள்ளைக்கு லீடரோட குரலும் தேவ சத்தமும் ஒண்ணாத் தெரிய ஆரம்பிச்சா அது எங்க வரைக்கும் போகும்ங்கிறதுக்கு உதாரணம் இருக்கு. இங்கிலாந்துல கிறிஸ்தவ வாலிபர் கேம்ப் நடத்துன ஒரு டிரஸ்ட்டோட தலைவரா இருந்த ஜான் ஸ்மைத்ங்கிற வக்கீல், 1970கள்லயும் 80கள்லயும் பசங்களை பாவத்துக்குத் தண்டனைங்கிற பேர்ல கொடூரமா அடிச்சார், அப்புறம் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கயும் கேம்ப் நடத்தி அதே கொடுமையைத் தொடர்ந்தார். விஷயம் தெரிஞ்சவங்க ஊழியத்தோட பேர் கெட்டுரும்னு அமுக்குனாங்க. 2024 நவம்பர்ல அது சம்பந்தமான விசாரணை அறிக்கை வந்த அப்புறம் இங்கிலாந்து திருச்சபையோட மூத்த பேராயரான கேன்டர்பரி பேராயரே பதவி விலகறதா அறிவிச்சார். அவ்வளவு பிரபலமான, அவ்வளவு பக்தியான வட்டாரத்துல நடந்தது. அதனால எங்க லீடர்ஸ்கிட்ட நான் கொஞ்சம் கறாராவே இருப்பேன்: எந்தப் பிள்ளையோடயும் கதவு மூடுன ரூம்ல தனியா ஜெபம் வேண்டாம், மத்தவங்க கண்ணுல படுற இடத்துல உக்காந்து பேசுங்க, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு வாக்கு குடுக்காதீங்க, ஏன்னா அந்தப் பிள்ளைக்கு ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும். "எங்க மேல நம்பிக்கை இல்லையா அண்ணா"ன்னு கேப்பாங்க. நம்பிக்கை இருக்கு, ரூலும் இருக்கும்.

அப்புறம் அந்த பின்வரிசைப் பையன். எல்லா கேம்ப்லயும் ஒருத்தன் இருப்பான், கையைக் கட்டிக்கிட்டு, பாட்டுக்கு வாய் அசைக்காம. நம்ம லீடர்ஸ் மீட்டிங்ல அவனுக்காக ஜெபம் பண்ணுவோம், ஏதோ பிசாசு பிடிச்சவன் மாதிரி. அவன்கிட்ட யாராவது பேசுனாத்தானே தெரியும். பல நேரம் அவன்தான் பிரசங்கத்தை ஒழுங்கா கேட்டிருப்பான், கேட்டதனாலதான் கை தூக்கல. மாற்கு 9ல மகனோட வந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு ஒரே மூச்சுல ரெண்டையும் சொல்லிட்டான், இயேசு "முதல்ல முடிவு பண்ணிட்டு வா"ன்னு அனுப்பல, பையனை சுகமாக்கிட்டார். நம்ம ஆல்டர் கால்ல இந்த ஆளுக்கு எங்க இடம்? கை தூக்கணும் இல்ல தூக்கக்கூடாது, பாதி தூக்க முடியாதே. அதுக்குத்தான் குரூப். எத்திரோ தன் மருமகன் மோசேகிட்ட "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு ஆயிரம் பேர், நூறு பேர், அம்பது பேர்னு இறங்கி கடைசியில பத்துப் பேருக்கு ஒருத்தரை வைக்கச் சொன்னார், கேம்ப்ல அந்தப் பத்துக்கு கீழதான் நிஜமான பேச்சு நடக்கும், மேடையில நடக்காது.

அந்தத் தகப்பன் எப்போ வர்றான்னு கவனிச்சிருக்கீங்களா, அதையும் சொல்லிடறேன். இயேசு மறுரூபமான மலையிலேர்ந்து இறங்குன உடனே. மலை மேல பேதுரு மூணு கூடாரம் போட்டு இங்கயே இருந்துரலாம்ங்கிறான், என்ன பேசறோம்னு தெரியாமப் பேசுனான்னு லூக்காவே எழுதிட்டார். கீழ வந்தா ஒரே கூட்டம், வாக்குவாதம், முடியாம நிக்கிற சீஷர்கள், வாயில நுரை தள்ளுற பையன். கேம்ப் முடிஞ்சு வீட்டுக்குப் போற பிள்ளைங்களுக்கும் இதேதான். அங்க அதே சண்டை போடுற அப்பா அம்மா, அதே போன், அதே கிளாஸ், தம்பிகூட ஷேர் பண்ண வேண்டிய அதே ரூம். ரெண்டு வாரத்துல அந்த சூடு இறங்கும். இறங்குனதும் அவங்களுக்கு வர்ற முதல் எண்ணம், "அப்போ அன்னைக்கு நடந்தது பொய்யா?"

இதுக்கு நான் பசங்ககிட்ட மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி கதையைத்தான் சொல்வேன். 1738 மே 24ஆம் தேதி சாயங்காலம் லண்டன்ல ஆல்டர்ஸ்கேட் தெருவுல ஒரு சின்னக் கூட்டத்துல தன்னோட இருதயம் விநோதமா அனலாச்சுன்னு எழுதுறார், மணி ஒம்போதுக்கு கால் மணி நேரம் இருந்துச்சுன்னு நேரம் கூட எழுதியிருக்கார், மெதடிஸ்ட் சபைகள் இன்னைக்கும் அந்த நாளை நினைச்சுப் பாக்குறாங்க. இது எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருஷம், 1739 ஜனவரி 4ஆம் தேதி, அதே மனுஷன் தன் டைரியில, நான் இப்போ கிறிஸ்தவன் இல்லன்னு எழுதி வச்சிருக்கார். எட்டு மாசம் கூட ஆகல. அப்புறம் அம்பது வருஷம் குதிரை மேலயும் வயசான காலத்துல வண்டியிலயும் ஊர் ஊரா அலைஞ்சு பிரசங்கம் பண்ணது அவர்தான். இந்த ரெண்டாவது டைரிக் குறிப்பைச் சொல்லும்போது ஹால்ல வர்ற அமைதி, முதல் குறிப்புக்கு வராது, அவ்வளவு ஆசுவாசம் அவங்களுக்கு.

அதனாலதான் கடைசி ராத்திரியை சின்னதாக்கிட்டோம். தீர்மானத்துக்கு அழைக்கிறதை கேம்ப்போட நடுவுல ஒரு நாள் காலை நேரத்துக்கு மாத்தியாச்சு, சாப்பிட்ட அப்புறம், வெளிச்சத்துல, அழைப்பு குடுக்கும்போது பின்னாடி கீபோர்டு கிடையாது. கை தூக்கச் சொல்றதில்ல, பேசணும்னு நினைக்கிறவங்க அன்னைக்குள்ள தன்னோட குரூப் லீடரைப் பாக்கலாம், மீதி நாளெல்லாம் அதைப் பத்திக் கேள்வி கேக்க நேரம் இருக்கு. கடைசி ராத்திரி ஒரு நன்றி ஜெபம், கேம்ப்ஃபயர், கொஞ்சம் கிண்டல், பத்து மணிக்குப் படுக்கை. எண்ணிக்கை குறைஞ்சுச்சு, பின்ன குறையாதா. கமிட்டியில "இந்த வருஷம் ஆவியானவரோட அபிஷேகம் கம்மியோ"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். எழுபது பேர் சந்தோஷமா திரும்பி வந்து ஆவிகள் கீழ்ப்படியுதுன்னு ரிப்போர்ட் குடுத்தப்போ, இயேசு அந்தக் கணக்குக்காக சந்தோஷப்படாதீங்கன்னு சொன்ன வசனத்தை எடுத்துக் காட்டுனேன். அவருக்கு முழுசா சமாதானம் ஆகலன்னுதான் நினைக்கிறேன், ஆனா தடுக்கல. மிச்சப்பட்ட சக்தியை எல்லாம் கேம்ப்புக்கு அப்புறம் வர்ற வாரங்களுக்கு வச்சிருக்கோம், ஒவ்வொரு குரூப் லீடரும் தன் பிள்ளைங்களோட தொடர்புல இருக்கணும், பெத்தவங்களுக்குத் தெரிஞ்சு. வசனம் அனுப்பி முடிச்சுக்கிறது இல்ல, "எப்படிடா இருக்க, பரீட்சை என்னாச்சு"ன்னு கேக்கணும்.

பெத்தவங்கன்னதும் ஞாபகம் வருது. பிள்ளை கேம்ப்லேர்ந்து வந்து மூணாவது நாள் தங்கச்சியோட சண்டை போடும், எழுந்திருக்க லேட்டாகும், பைபிளைத் தொடாது. உடனே வீட்டுல ஒரு வசனம் வரும் பாருங்க, "கேம்புக்குப் போயிட்டு வந்த லட்சணமா இது?" தயவுசெஞ்சு அதை மட்டும் கேக்காதீங்க. அந்த ஒரு கேள்வியில, கேம்ப்ல நடந்தது எல்லாம் உங்க வீட்டு ஒழுங்குக்காக நடந்ததுன்னு பிள்ளைக்குப் புரிஞ்சுரும், அடுத்த வருஷம் ஃபார்ம் குடுத்தா "நான் வரல"ங்கும், நாங்க போன் பண்ணா எடுக்காது. கேட்டே ஆகணும்னா அங்க சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க, யார்கூட ரூம் ஷேர் பண்ணன்னு கேளுங்க, எவன் குறட்டை விட்டான்னு கேளுங்க. மத்ததை அதுவா சொல்லும், இல்லன்னா எங்க குரூப் லீடர்கிட்ட சொல்லும், அவங்ககிட்டயும் சொல்லாம ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லிக்கிச்சுன்னா நமக்கு அதுல என்ன குறைஞ்சுருச்சு.